மூணாவது பெறகு

இப்பம் உள்ள ஆளுகளுக்கு எதைக் கண்டாலும் காகிதத்தில் எழுதி வைக்கணும். அரிசி வாங்கப் போனால் எழுத்து, துணி வாங்கப் போனால் எழுத்து, மாடு வாங்கினால் அதுக்கும் எழுத்து. போன வாரம் சந்தையில் ஒருத்தி எழுதின துண்டுக் கடலாசைப் பார்த்துப் பார்த்துச் சேம்பங்கிழங்கு வாங்குகிறாள். கிழங்கு முன்னால் கிடக்கு. அதைத் தட்டிப் பார்க்காமல் கடலாசைப் பார்த்தால் அது வேகுமா? கேட்டால், "இதுல எழுதியிருக்கு பாட்டா" என்கிறாள். எழுதியிருந்தால் சரியாய் இருக்கும் என்று யார் சொன்னது? எழுதினவளை எனக்குத் தெரியாது. எழுதினவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனைத் தெரியும். அப்படி ஒரு தடவை சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதனால்தான் நம்பாதே என்கிறேன்.

என் பேர் ஞானதாசன். நெய்யூருக்கு மேற்கே எங்கள் ஊர். வேதக்கோயிலில் மணி அடிப்பது என் வேலை. படிப்பு மூணாம் கிளாசு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், மகன் கொல்லத்தில் இருக்கிறான். என் சோற்றை நானே பொங்கித் தின்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. யார் என்னத்தைக் கலந்தார்களோ என்கிற சந்தேகம் இல்லாமல் தின்னலாம்.

நாலைந்து வருஷம் முந்தி, கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று இருபத்தேழு ஆவணியில், குமாரதாஸ் என்று ஒரு போதகர் எங்கள் கோயிலுக்கு வந்தார். நல்ல மனுஷன்; எப்போதும் சைக்கிளில் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார். அவர் மனைவி சத்தியபாய்க்கு ஊர் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை. இருபத்தைந்து வயசிருக்கும். வாய் நிறையச் சிரிப்பாள். ஆனால் நல்லெண்ணெயில் சமைப்பாள். எங்கள் பக்கத்தில் நல்லெண்ணெய் தலையில் தேய்க்கிற சாமானம்.

வந்த முதல் மாசமே பெண்கள் சங்கத்துக்குச் சோறு போட்டாள். பெண்டுகள் மணத்தைப் பிடித்ததுமே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "நல்லா இருக்கம்மா, வயிறு நெறஞ்சுட்டு" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் கை கழுவப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் போதகர் குடியிருக்கிற பங்களாவின் பின்னால் வாழைமூட்டில் சாம்பாரும் சோறும் குவியலாய்க் கிடக்கு. நான் பார்த்தேன். சத்தியபாயும் பார்த்தாள்.

என் வீடு பங்களாவுக்குப் பின்னால், ஒரு ஓலைவேலிக்கு இந்தப் பக்கம். அடுத்தவன் பேச்சை ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஓலையில் ஓட்டை இருந்தால் பேச்சு தானாய் வந்து விழும். அன்றைக்கு விழுந்தது இது:

"இன்னும் ஒரே ஒரு தடவை சமைச்சுப் போடுதேன். அதையும் வாழைக்குப் போட்டாங்கன்னா, நீங்க வேற ஊருக்கு மாத்தம் கேட்டு எழுதிருங்க. யாரும் கை நனைக்காத வீட்டுல என்னால இருக்க முடியாது."

"எழுதுறேன்" என்றார் போதகர். மனுஷன் குரலே இறங்கிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஒரு நோட்டும் பென்சிலுமாய் வேலிக்கு வந்துவிட்டாள்.

"பாட்டா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்ன?"

"எதுக்குக் கேக்கிய?"

"எழுதிக்கிடத்தான்."

"எழுதி யாருக்குக் குடுக்கப் போறிய? தாலுக்கா ஆபீசுக்கா? மீன் திங்கவனுக்கு அரிசி எதுக்குன்னு ரேஷனைக் கொறைக்கதுக்கா?"

சிரித்தாள். "இல்ல பாட்டா. ஒவ்வொரு வீட்டுலயும் அவங்களுக்குப் பிடிச்ச கறி ஒண்ணைக் கேட்டு எழுதி, அதையே செஞ்சு அவங்களுக்குப் போடப்போறேன். அவங்க கறியை அவங்களே வாழைக்குப் போடமாட்டாங்கள்லா?"

இந்தக் கூட்டத்தை நீ அறியமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது ஊருக்கே தெரியும்: சாளைமீன் புளிமுளமும் மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளி. ரேஷனில் கிடைக்கிற அரிசியைக் கோழிகூட யோசித்துத்தான் கொத்தும். மரச்சீனி அப்படி இல்லை. கிழங்கை நறுக்கி வேகவைத்து வெள்ளத்தை வடித்து, மாவாய் உதிரும்போது மேலே இந்தக் குழம்பை ஊற்றினால் பிறகு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.

"எழுதிக்கிடும்" என்றேன். "சாளையைச் செதில் போகத் தேய்ச்சு, தலையைக் களைஞ்சு, கல்லுப்புப் போட்டு மூணு வெள்ளத்துல கழுவணும். அரைமுறித் தேங்காய், மல்லி, வத்தல், மஞ்சள், நாலு சின்ன உள்ளி. சந்தனம்போல அரைக்கணும். புளியைக் கரைச்சு ஊத்தி மண்சட்டியில கொதிக்க விடணும். மீனைப் போட்ட பெறகு கரண்டி போடப்பிடாது. சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து. கறிவேப்பிலை, பச்சைத் தேங்காயெண்ணெய். எறக்கணும்."

"அவ்வளவுதானா பாட்டா?"

"அவ்வளவுதான்."

"ரொம்ப நன்றி" என்று நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அங்கேதான் பிசகினாள்.

எங்கள் ஊரில் அரிசி கடன் கேட்டால் கொடுப்போம், ஆளைக் கேட்டால் அனுப்புவோம். கறியின் பக்குவத்தைக் கேட்டால் மட்டும் ஒன்றை விட்டுத்தான் சொல்வோம். கேட்கிறவள் "பெறகு?" என்று கேட்கணும். முதல் பெறகுக்கு ஒன்றும் விழாது. "பெறகென்ன, உப்புப் பாக்கணும்" என்போம். ரெண்டாவது பெறகுக்குக் கோபம் வரும். மூணாவது பெறகுக்குத்தான் உள்ளது வெளியே வரும். தாய் மகளுக்குச் சொன்னாலும் இதுதான் நடப்பு. மூணு தடவை கேட்காதவளுக்கு மெய்யாகவே அது வேண்டாம் என்று அர்த்தம். ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பால்குடியிலேயே தெரியும். பாளையங்கோட்டைக்காரிக்கு யார் சொல்வது?

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் விட்டது சாமானம் ஒன்றும் இல்லை. சாமானம் எல்லாம் ஒழுங்காய்ச் சொன்னேன். அந்தக் கறியை வைத்த அன்றைக்குத் தின்னப்பிடாது. ராத்திரி முழுக்கச் சட்டியில் கிடக்கணும். புளி மீனுக்குள் இறங்கி, எண்ணெய் மேலே வந்து, மறுநாள் உச்சைக்குத்தான் அது புளிமுளம். வைத்த அன்றைக்கு அது வெறும் மீன் கிடக்கிற புளித்தண்ணி. அதை மட்டும் விட்டேன்.

அவள் வீடு வீடாய்ப் போனாள். பூங்கனி, எனக்கு மருமகள் முறை, உள்ளித்தீயல் சொன்னாள். ரத்தினம் பூசணிக்காய் எரிசேரி சொன்னாள். முத்துக்கனி சக்கைக்கொட்டைத் துவரன் சொன்னாள். பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம், பொரியலைத் துவரன் என்போம். எல்லாரும் சந்தோஷமாய்ச் சொன்னார்கள். எல்லாரும் விட்டார்கள். ஒருத்தி வீட்டிலும் அவள் "பெறகு" கேட்கவில்லை.

சனிக்கிழமை உச்சைக்குச் சாப்பாடு. என் கறியும் இருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டாள். பெண்டுகள் பத்துப் பேர் பங்களாவில் வரிசையாய் இருந்தார்கள். நான் வாசல் பக்கம் ஒரு முக்காலி போட்டு இருந்துகொண்டேன். அடுக்களைக் கதவோரம் இனயத்திலிருந்து மீன் சுமந்து வருகிற வியாகுலம்மாள், காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். காலையில் சாளை கொடுத்தவள், சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்னதால் இருந்தாள்.

இலை போட்டு விளம்பினாள் சத்தியபாய். தேங்காயெண்ணெய் மணம்தான். நல்லெண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. பாவம், எங்களுக்காகத் தன் எண்ணெயையே மாற்றியிருந்தாள்.

உள்ளித்தீயலைப் பார்த்தேன். தீயல் என்றால் கன்னங்கரேல் என்று இருக்கணும். இது கலியாண வீட்டுப் பாயசம்போல வெளுத்துக் கிடந்தது. எரிசேரி குழந்தைக்குப் பிசைந்து கொடுக்கிற பதத்தில் இருந்தது. துவரனில் சக்கைக்கொட்டை தனியாய், தேங்காய் தனியாய்க் கோபித்துக்கொண்டு கிடந்தது. என் புளிமுளத்தை நாக்கில் வைத்தேன். சாளை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். ஒன்றை ஒன்று பார்த்ததுகூட இல்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றாள் பூங்கனி, இலையைப் பார்த்து.

"அருமை" என்றாள் ரத்தினம், கூரையைப் பார்த்து.

முத்துக்கனி வாயில் இருந்ததை முழுங்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

சத்தியபாய் கடைசி இலையில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். அப்படியே எழும்பினாள். "நீங்க சொன்னபடி ஒரு எழுத்து மாத்தாமச் செஞ்சேன். கோளாறு என் கையிலதான் இருக்கு. மன்னிச்சுக்கிடுங்க. இனிமே உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவை மெதுவாய்ச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாய் இருந்திருக்கும்.

பத்துப் பேருக்கும் விஷயம் தெரியும். பத்துப் பேரும் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை போதகர் மாத்தத்துக்கு எழுதிவிடுவார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அவள்மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் இவர் போனால் அடுத்து வருகிறவன் எப்படிப்பட்டவனோ, நாலு மணிக்கே மணி அடி என்பானோ, யாருக்குத் தெரியும்?

"ஏட்டி பூங்கனி" என்றேன். "தீயலுக்குத் தேங்காய் வறுக்கச் சொன்னியா, இல்லியா?"

"சொன்னேனே மாமா."

"கருக வறுக்கச் சொன்னியா?"

"வறுக்கதுன்னா கருகத்தானே..."

"ஏட்டி!"

"சொல்லல்ல" என்றாள். "அவ பெறகு கேக்கல்ல மாமா! நான் என்ன செய்ய? நான் வாசல்லயே நின்னு பாத்தேன், திரும்பிக் கேப்பாளான்னு. நன்றின்னுட்டுப் போயிட்டா."

"அது எங்கிட்டயும் அப்படித்தான்" என்றாள் ரத்தினம். "எரிசேரி எறக்கின பெறகு, துருவின தேங்காயைச் செவக்க வறுத்து மேல தூவணும். அதைத்தான் நான் விட்டேன்."

"நாசமாப் போச்சு! ஒரே தேங்காயை ரெண்டு பேருமா ஒளிச்சு வச்சிருக்கிய!" என்று அடுக்களைக் கதவோரத்திலிருந்து வியாகுலம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், கூடை நெரிந்தது.

முத்துக்கனி கேட்காமலே சொல்லிவிட்டாள்: "பூண்டும் சீரகமும் தட்டிப் போடணும்." சொன்ன பிறகுதான் அவளுக்கு வாயில் இருந்தது இறங்கியது.

"சரி" என்றேன். "இருந்து அழுதா தீயல் கருக்குமா? எழும்புங்கட்டி. உள்ள போங்க."

பிறகு அந்த அடுக்களையில் நடந்ததை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அதுவரைக்கும் ஒருத்தி எட்டிப் பார்க்காத அடுக்களை. நாலு பெண்டுகள் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். "தேங்காய் எங்கயிருக்கு?", "துருவத் திருவலை எங்க வச்சிருக்கிய?", "இந்த அம்மி கொத்தி எத்தனை வருஷம் ஆச்சு, பல்லே இல்லியே!" சத்தியபாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பூங்கனி தேங்காயை வறுக்க, அது சிவந்து, தாண்டி, புகைய, "கருகுது! கருகுது!" என்று சத்தியபாய் சட்டியைப் பிடிக்கப் போனாள்.

"கருகட்டும்" என்று பூங்கனி அவள் கையைத் தட்டிவிட்டாள். "இன்னும் கொஞ்சம். பயப்படாதியும். தீஞ்சு போச்சேன்னு மனசு பதறும் பாத்தியளா, அந்தப் பதறலுக்கு ஒரு எட்டு முந்தி எறக்கணும். அதை எழுதும்."

அவள் எழுதினாள். "பெறகு?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தது ரத்தினம்தான். சொல்லிக் கொடுத்ததும் விளையாட்டுப்போல ஆகிவிட்டது. அவள் "பெறகு?" என்பாள், பெண்டுகள் எல்லாரும் சேர்ந்து "ஒண்ணு!" என்பார்கள். மூணாவதுக்கு ஏதாவது விழும். விழுந்ததைக் கேட்டு, "ஓகோ, அதானா! இருவது வருஷமா எங்கிட்ட இதை மறைச்சிருக்கா பாரு" என்று முத்துக்கனி ரத்தினத்தின் முதுகில் ஒன்று வைத்தாள். சண்டைதான். ஆனால் சிரித்துக்கொண்டு சண்டை.

அரைமணி நேரத்தில் தீயல் கறுத்துவிட்டது, எரிசேரி சிவந்துவிட்டது, துவரன் மணந்தது. திரும்ப இலைக்கு வந்தார்கள். அப்போது ரத்தினம் என்னைப் பார்த்தாள்.

"பாட்டா, எல்லாத்தையும் எல்லாரும் சொல்லியாச்சு. உமக்க கறி மட்டும் இன்னும் புளித்தண்ணியாட்டு இருக்கு."

"நான் ஒண்ணும் ஒளிக்கல்ல. உள்ள சாமானம் எல்லாம் சொன்னேன்."

"பெறகு?" என்றாள் சத்தியபாய்.

"பெறகென்ன, உப்புப் பாக்கணும்."

"பெறகு?"

"ஒருக்கச் சொன்னா மனசிலாகாதா?"

"பெறகு?"

பத்துப் பெண்டுகளும் என் வாயைப் பார்க்கிறார்கள். சொன்னேன். "ஒரு ராத்திரி கெடக்கணும். இன்னைக்கு வச்சா நாளைக்குத்தான் திங்கணும். இனி ஒண்ணும் செய்ய ஒக்காது. அவ்வளவுதான்."

சத்தியபாயின் முகம் வாடியது. அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் வியாகுலம்மாள் என்று ஒருத்தி இருந்தாளே.

"ஏன் ஒக்காது? பாட்டா நேத்து எங்கிட்ட முப்பது சாளை எண்ணி வாங்கினாரு. ஒத்தை வயித்துக்கு முப்பது சாளை. அந்தச் சட்டி இப்பம் எங்க இருக்கு பாட்டா?"

அந்தச் சட்டி என் அடுப்பின் மேல், தட்டு மூடி, தட்டின் மேல் கல்லு வைத்து இருந்தது. மறுநாள் காலை ஆராதனை முடிந்து வந்து மரச்சீனி அவித்துத் தின்ன வைத்திருந்தது. ரெண்டு ராத்திரி கிடந்த சாளைக்கு இணை இந்தப் பூமியில் கிடையாது. வாரம் முழுக்க மணிக்கயிற்றை இழுக்கிறவனுக்கு இருக்கிற ஒரே ஒரு சந்தோஷம் அது.

"இருக்கட்டும் பாட்டா, அது உங்களுக்கு வச்சது" என்றாள் சத்தியபாய். அவள் "கொண்டுவாரும்" என்று சொல்லியிருந்தால் நான் கொண்டுபோயிருக்கமாட்டேன். சொல்லாமல் இருந்து மாட்டிவிட்டாள்.

போனேன். ஒரே ஒரு மீனை எடுத்து ஒரு கிண்ணத்தில் ஒளித்து வைத்தேன். பிறகு இன்னொன்று. மற்றதைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். தட்டைத் திறந்தேன். எண்ணெய் சிவந்து மேலே நின்றது. சத்தியபாய் கிழங்கோடு ஒரு வாய் வைத்தாள். ரெண்டாவது வாய் வைத்தாள். "பாட்டா!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் ஊரில் அதுக்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

சட்டியில் மீன்முள்ளுகூட மிஞ்சவில்லை. வியாகுலம்மாள் கிழங்கால் சட்டியின் அடியைத் துடைத்துத் தின்றாள். அன்றைக்கு வாழைமூட்டில் இலையைத் தவிர ஒன்றும் விழவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் போதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலி ஓட்டை வழியாய் விழுந்தது:

"என்ன, எழுதணுமா?"

"எழுத வேண்டாம். ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க. இது தீந்துட்டு."

பிறகு என் சட்டியைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள். வெறும் சட்டியைக் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே அவள் ஊர்க் குழம்பு. சொதி என்றாள். வெள்ளையாய்த் தேங்காய்ப்பால் மினுங்கியது. வைத்துவிட்டுப் போனாள். வாழைக்குப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ரெண்டு மீனை விட்டால் வேறே ஒன்றும் இல்லாததால் ஒரு கை சோற்றில் ஊற்றினேன். அது ஒளித்து வைத்த ரெண்டு சாளையையும் மறக்கடித்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை வேலியில் போய் நின்றேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக் குழம்பு எப்படி வச்சிய?"

"சொல்லுதேன் பாட்டா. சிறுபயறு பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கேரட்டு. வெந்தபிறகு ரெண்டாம் பால், மொதப் பால். பச்சைமிளகாய் இஞ்சி அரைச்சு விடணும். கொதிக்கக் கூடாது."

"பெறகு?"

"உப்புப் பாக்கணும்."

"பெறகு?"

"என்ன பாட்டா, காலையிலேயே! துணி காயப்போட வேண்டாமா?"

கோபப்பட்டுவிட்டாள். சரியாய்த்தான் படித்திருக்கிறாள்.

"பெறகு?"

"எறக்கி வச்ச பெறகு எலுமிச்சம்பழம் பிழியணும். அவ்வளவுதான். உங்களுக்கு மூணும் தந்தாச்சு."

சொல்லிவிட்டுச் சேலையை உதறிக் கயிற்றில் போட்டாள். சேலைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. ஆனால் தோள் குலுங்கிற்று. சிரித்தாள் என்று அடித்துச் சொல்வேன்.

"நாலாவது ஒண்ணு உண்டுமா?"

"நாலாவதுன்னு உங்க ஊர்ல உண்டா பாட்டா?"

"எங்க ஊர்ல இல்ல. உங்க ஊர்ல?"

"பாளையங்கோட்டையில நாங்க ஒண்ணையும் மறைக்க மாட்டோம்" என்றாள், சேலைக்குப் பின்னாலிருந்து.

அவள் சொன்னபடியே அன்றைக்கு வைத்துப் பார்த்தேன். நன்றாய்த்தான் இருந்தது. அவள் கொண்டுவந்தது மாதிரி இல்லை. பிறகு ரெண்டு தடவை வைத்தேன். இல்லை. அந்த நோட்டு ரெண்டாகி மூணாகி, இப்பம் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு திரிகிறார்கள். சந்தையில் பார்த்தவளின் கடலாசு அதிலிருந்து வந்ததாய்த்தான் இருக்கும். நேற்று சத்தியபாய் அந்த மூணாவது நோட்டை வேலிக்கு மேல் நீட்டி, "பாருங்க பாட்டா, சொதி பதினாலாம் பக்கம். எல்லாம் எழுதியிருக்கு" என்றாள்.

நான் வாங்கிப் பார்க்கவில்லை. எல்லாமாம்! மணி அடிக்க நேரமாச்சு என்று சொல்லி நடையைக் கட்டினேன்.